பன்னிரண்டு அடியில் ஒரு மரம்

செப்டம்பர் 18, செவ்வாய்

ஐந்தரைக்கே அடுப்புப் பற்ற வைத்தேன். லவெர்னின் படகுத்துறைச் சாப்பாட்டுக் கடையில் இன்று கூட்டம் இல்லை. ஏரித் தண்ணீரை இறக்கிக்கொண்டே வருகிறார்கள். வருஷா வருஷம் ஜூலையில் திறந்து விட்டால் டிசம்பர் வரை இறங்கும். கரையோரச் சேற்றில் பழைய அடிக்கட்டைகள் தலை காட்டத் தொடங்கிவிட்டன.

நான் தட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் உடனே, மழை வருமா என்று கேட்டார். அதற்கு முன்னால் 'கயிறு' என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. முட்டையை வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

இன்று முப்பத்தொன்பதாவது நாள்.

செப்டம்பர் 20, வியாழன்

துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 22, சனி

தலைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இந்த டைரியே தீவனக் கடையில் இனாமாகக் கொடுத்தது. மழை பெய்தது, கோழி வாங்கினேன் என்று ஒரு வரி எழுதத்தான் இதுவரை பழக்கம். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் வெண்டெல் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். மத்தியானம் படகு மட்டும் பீவர் ஓடை முகத்தில் தனியாக மிதந்தது. மறுநாள் மீட்புக்குழுவில் முங்குகிற ஆள் அவரைக் கண்டுபிடித்தார். கணுக்காலில் மஞ்சள் நைலான் கயிறு. கயிற்றின் மறு நுனி கீழே சேற்றில் ஒரு ஹாலோ பிளாக் கல்லில். கயிற்றை அறுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்களாம்.

காலில் கல் கட்டியிருந்தது என்றால் ஊர் என்ன நினைக்கும்? நானே என்ன நினைப்பேன்?

பிப்ரவரியில் அவருக்குத் தோள் ஆபரேஷன். அதோடு மரப்பட்டறை வேலை போனது. ஜூலையில் தன் நல்ல தூண்டில் கம்புகள் ஆறையும் தம்பி ராய்ஸிடம் கொடுத்துவிட்டார். போவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்ற கேதுரு மரத்தை வெட்டினார். அதை வெட்டச் சொல்லி நான் மூன்று வருஷமாக நச்சரித்திருக்கிறேன். வெட்டி இழுத்துக்கொண்டு போனார், பின்னால் பள்ளத்தில் தள்ளியிருப்பார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், பாக்கி வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போக நினைக்கிற மனுஷன் செய்வதுதானே இதெல்லாம்?

இன்னொன்றும் உண்டு. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை நான் சொன்னேன் — "பொழுதன்னைக்கும் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியமே புடிச்சிடும். எங்கயாவது போங்க."

போய்விட்டார்.

செப்டம்பர் 23, ஞாயிறு

சபைக்குப் போனேன். எல்லாரும் கையைப் பிடித்தார்கள். பாஸ்டர் அடக்க நாளில் சொன்னதையே மறுபடியும் சொன்னார், "இருதயங்களை அறிந்தவர் கர்த்தர் ஒருவரே." நல்ல மனுஷன், வேறென்ன சொல்வார். ஆனால் மற்ற சாவுகளில் அவர் அப்படிச் சொன்னதில்லை. "பரலோகத்தில் இருக்கிறார்" என்றுதான் சொல்வார்.

சாயங்காலம் மகள் டாம்ரா மெம்பிஸிலிருந்து போன் பண்ணினாள். வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டாள். பிறகு, "அம்மா, அன்னிக்குக் காலைல அப்பா ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"காப்பி ஆறிப்போச்சுன்னார்" என்றேன். அது உண்மைதான். நான் சொன்னதைத்தான் அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 2, செவ்வாய்

தபாலில் இறப்புச் சான்றிதழ் வந்தது. எப்படி இறந்தார் என்ற கட்டத்தில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று அச்சடித்திருந்தது. அதை மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அரை மணி கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே எழுத்துத்தான்.

அக்டோபர் 6, சனி

ராய்ஸ் வந்தான். வாசலிலேயே நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, படகை ஒருத்தன் கேக்கறான். நல்ல ஆளுதான். குடுத்துடலாமா?"

வெண்டெலின் படகு இரண்டு மாதமாக அவன் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கொடுத்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு பேச்சு. "ஒரு தடவ அதுல போய்ட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"நீங்களா! உங்களுக்கு மீன் பொரிக்கத்தான தெரியும்."

"ஒனக்கு அதுவும் தெரியாது. புடிச்சதத் திருப்பித் தண்ணியிலயே விட்டுட்டு வர்றவன்தான நீ."

அவன் பாஸ் மீன்காரன். போட்டிக்குப் போவான், எடை போடுவான், மீனோடு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவான். அவன் படகில் இருக்கிற மினுமினுப்புக்குக் கல்யாணப் பெண் தோற்றுப்போவாள். வெண்டெல் பொரித்துத் தின்கிற கிராப்பி மீன்காரர். நீளக் கம்பும் ஒரு வாளி இரைமீனும் போதும், வாய் திறக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் தம்பிக்குள் முப்பது வருஷம் இதே சண்டை. "தட்டுல வைக்க முடியாத மீன் என்னடா மீனு" என்பார் இவர். "ஒரு மணி நேரமா கம்பையே பாத்துக்கிட்டு உக்கார்றதுக்கு நான் என்ன பிணமா" என்பான் அவன்.

அந்தச் சொல்லை இன்றைக்கு அவன் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை வாங்க என்றான்.

அக்டோபர் 8, திங்கள்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

தார்ப்பாயை உருவினோம். ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அன்னிக்கு மூடினதுதான் அண்ணி. உள்ளாற பாக்கவே இல்ல. பாக்க முடியல." படகுத் தரையில் விரித்திருந்த பாயின் நூலெல்லாம் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன ஊசி இலைகள் குத்திக்கொண்டிருந்தன. கிள்ளி எடுத்து நசுக்கினேன். காய்ந்திருந்தாலும் வாசனை போகவில்லை. கேதுரு.

"புதன்கிழமை எங்க ஜன்னல் கிட்ட இருந்த மரத்த வெட்டினார்" என்றேன்.

ராய்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். படகிலிருந்த மீன் காட்டும் பெட்டியைப் போட்டான். திரை வெளிச்சமானதும் அதில் ஏரிப் படம் முழுக்க அம்மை போட்டது போலக் குறிகள். அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் வெண்டெல் தண்ணீருக்குள் இறக்கிய மரங்கள். கோடையில் கிளையோடு மரத்தை வெட்டி, கல் கட்டி, படகில் கொண்டுபோய் அடியில் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் குளிர்ந்ததும் கிராப்பி கூட்டமாக வந்து அந்தக் கிளைகளுக்குள் நிற்கும். எங்கே இறக்கினார்கள் என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் அவர் சொன்னதில்லை.

"என்னை ஏத்திக்கிட்டுப் போனா இந்தத் திரை மேல தொப்பியப் போட்டு மூடிருவான் அண்ணி. கூடப் பொறந்த தம்பிக்கே! வேற படகு கிட்ட வந்துச்சுன்னா, மீன் மாட்டியிருந்தாலும் கம்பைத் தூக்க மாட்டான். அது பாட்டுக்கு அடியில இழுத்துக்கிட்டுக் கெடக்கும், இவன் பிஸ்கட் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பான், ஒண்ணுமே கடிக்காத மாதிரி."

சொல்லிக்கொண்டே விரலால் ஒவ்வொரு குறியாகத் தள்ளிக்கொண்டு வந்தவன் கடைசிக் குறியில் நின்றான். அதன் கீழே ஆகஸ்ட் 10, காலை 7.41 என்றிருந்தது.

அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக, "குறி வச்சிட்டுத்தான் மரத்தத் தள்ளுவாங்க. தள்ளிட்டா எடம் தெரியாம போயிரும்" என்றான்.

"அப்ப..."

"இருங்க. சும்மா நின்னு மீன் புடிச்ச எடமாவும் இருக்கலாம். இந்த ஊசி போன வருஷத்து மரத்தோடதாவும் இருக்கலாம். ஆசைய வளத்துக்காதீங்க அண்ணி. நானும் வளத்துக்கல."

பெட்டியை அணைத்தான், உடனே மறுபடியும் போட்டான்.

அக்டோபர் 9, செவ்வாய்

மழை.

அக்டோபர் 10, புதன்

மழை, காற்று. படகு இறக்க முடியாது என்று ராய்ஸ் சொன்னான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. போய்ப் பார்த்து, அங்கே மரம் இல்லை என்றால்? இப்போது 'தெரியவில்லை' என்றாவது இருக்கிறது. அங்கே வெறும் சேறு என்றால் தெரிந்துவிடும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டுத்தான் ஆகிறது எனக்கு.

லவெர்னிடம் மட்டும் சொன்னேன். அவள் இரைமீன் தொட்டியில் வலையை விட்டபடியே, "ஏண்டி, இத்தன நாளா தெரியாமத்தான செத்துக்கிட்டிருக்க. தெரிஞ்சாவது சாவு" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மீன் நாற்றம்.

அக்டோபர் 12, வெள்ளி

போனோம்.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். எதையும் விட்டுவிடக் கூடாது.

காலை எட்டு மணி. காற்றே இல்லை. மழைக்குப் பிறகு தண்ணீர் அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குளிர்ந்திருந்தது. கரையெல்லாம் மஞ்சளும் சிவப்பும். ராய்ஸ் பீவர் ஓடை முகத்துக்கு ஓட்டினான், அந்தக் குறிக்கு மேல் நிறுத்தினான். திரையில் அடித்தரை கோடாகத் தெரிந்தது. பதினான்கு அடி. தரையிலிருந்து என்னவோ கொத்தாக எழும்பி நின்றது, அதன் உச்சி பன்னிரண்டு அடியில். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் நாலைந்து.

"இங்க பூராவும் பழைய மரக்கட்டைதான் அண்ணி. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

நங்கூரக் கொக்கியைப் போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்றான். ஆனால் கொக்கியை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தான். பயம்தான். எனக்கும் அப்படித்தான். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாமல் நான் வெண்டெலின் நீளக் கம்பு ஒன்றை எடுத்தேன். லவெர்ன் கொடுத்த வாளியிலிருந்து ஓர் இரைமீனை முதுகில் குத்தி இறக்கினேன். கடையில் ஆயிரம் பேர் குத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கிராப்பி இழுக்கும் என்று காத்திருந்தேன். அது இழுக்கவில்லை. நூல் திடீரென்று தொய்ந்தது.

"தூக்குங்க! கீழருந்து மேல வந்து கடிக்கும் அது. மெதுவா! மெதுவா அண்ணி, அதுக்கு வாய் காகிதம். வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சிரும்."

மெதுவாகத்தான் தூக்கினேன். உள்ளங்கை அகலம், வெள்ளியில் கறுப்புப் பொட்டு. படகுக்குள் விழுந்து துள்ளியது. ஐயோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில் வைத்தா சிரிப்பேன்? சிரித்தேன்.

இரண்டாம் தடவை இறக்கினபோது எங்கோ மாட்டிக்கொண்டது. மேலும் கீழும் ஆட்டி இழுத்தேன். என்னவோ முறிந்துகொண்டு மேலே வந்தது. விரல் நீளக் குச்சி. அதில் ஊசி இலைகள். சேறு படிந்திருந்தது, ஆனால் இலைகள் உதிரவில்லை. அடியில் கொஞ்சம் பச்சைகூட இருந்தது.

பழைய மரத்தில் இலை இருக்காது. எனக்கே தெரியும் அது.

ராய்ஸ் அப்போதுதான் கொக்கியை வீசினான். மூன்றாம் வீச்சில் பிடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அவன் ஒரு பக்கம் தண்ணீரில் விழப் பார்த்தான். மரம் மேலே வந்தது. என் ஜன்னல் மரம். நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், அதை வைத்தே தெரிந்தது. அடிமரத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல், மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டியது. நுனிக் கிளையில் இன்னொரு கல். அந்த இரண்டாவது கல்லிலிருந்து கட்டு முடிந்த பிறகும் கயிறு நீளமாகத் தொங்கியது, ஐந்தாறு அடி. அதன் முனை கத்தியால் அறுத்தது போலச் சுத்தமாக இருந்தது. முங்கின ஆள் அறுத்த இடம்.

ராய்ஸ் அந்த முனையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"மிச்சக் கயிறு" என்றான். "கட்டின பெறகு மிச்சக் கயித்த வெட்டவே மாட்டான் அவன். நல்ல கயிறு, ஏன் வீணாக்கணும்பான். அப்படியே தரையில சுருட்டி விட்டுட்டு, நடுவுல நின்னு தள்ளியிருக்கான். மரம் போச்சு, கல்லு போச்சு, கயிறு காலோட... என்கிட்ட நூறு தடவ சொல்லியிருப்பான் அண்ணி, தள்ளறப்ப காலப் பாருடா, காலப் பாருடான்னு. அவன் பாக்கல. அந்தத் தோளோட ஒத்தக் கையால தள்ளிருக்கான் முட்டாப்பய."

முங்கின ஆளைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஓரடி தூரம்கூடக் கண் தெரியாது. கைக்குக் கயிறும் கல்லும் தட்டுப்பட்டிருக்கும். கல்லுக்குப் பக்கத்தில் கிளை தட்டினால், இந்த ஏரியில் எங்கே தொட்டாலும் கிளைதான்.

நான் ராய்ஸிடம், அன்று காலை நான் சொன்னதைச் சொன்னேன். எங்கயாவது போங்க என்று சொன்னதை. 

"மரத்தப் புதன்கிழமையே வெட்டிட்டான்ல?"

"ஆமாம்."

"நீங்க வெள்ளிக்கிழமைதான சொன்னீங்க?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன? மரம் எறக்க அவன் ரெண்டு நாள் முன்னாடியே கெளம்பிட்டான். அக்டோபருக்கு மீன் வேணும்னு ஆகஸ்ட்டுல மரம் எறக்கறவன், எங்க போறதுக்கு அண்ணி எறக்குவான்?"

அப்போதுதான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். ராய்ஸும் அழுதான். படகு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் அந்த ஒற்றை மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது, இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

கம்புகளைப் பற்றியும் கேட்டேன். ஜூலையில் கொடுக்கும்போது வெண்டெல் அவனிடம், "தோளு போச்சுடா. இனிமே வீசிப் புடிக்கற வேலையெல்லாம் ஒன்னோட. நான் கிராப்பிக் கம்ப நீட்டிக்கிட்டு உக்காந்துருவேன்" என்றாராம்.

"இத ஏன்டா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"அவன் போன பெறகு, அது வேற எதுக்கோ குடுத்தான்னு நெனச்சுட்டேன் அண்ணி. நான் அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டிருக்கணும்னு நெனச்சேன். உங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு."

இரண்டு மாதம் ஒரே பயத்தை அவன் அங்கேயும் நான் இங்கேயும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மரத்தைத் திருப்பி இறக்கி, மேலே ஒரு காலி கேனை அடையாளத்துக்குக் கட்டிவிட்டு, ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் பண்ணினான்.

அக்டோபர் 13, சனி

ஷெரிஃப் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து படம் எடுத்தார்கள், கயிற்றை அளந்தார்கள். அவரிடமிருந்து எடுத்த துண்டு அவர்களிடம் இருக்கிறது, முனையோடு முனை சேர்த்துப் பார்ப்பார்களாம். கொஞ்சம் நாளாகும் என்றார்கள். ஆகட்டும்.

டாம்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன அந்தப் பேச்சையும். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பயந்துவிட்டேன்.

"அம்மா" என்றாள் கடைசியில். "நீ தெனமும் அதையேதான சொல்லுவ. எனக்கு அஞ்சு வயசுலருந்து கேக்கறேன். அப்பா என்னிக்கு அதக் காதுல வாங்கியிருக்கார்?"

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நானும் அப்படித்தான்.

அக்டோபர் 14, ஞாயிறு

பாஸ்டரிடம் நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் லவெர்ன் சபை வாசலிலேயே எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தாள். அன்று கடையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசின இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மழை வருமான்னு கேட்டீங்களே, இப்ப கேளுங்களேன்" என்றாள். அவர்கள் காது சிவந்துபோனது. பாவம்.

பாஸ்டர் என் கையைப் பிடித்தார், இந்தத் தடவை அந்த வசனத்தைச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தூங்கினேன். பட்டப்பகலில்.

அக்டோபர் 19, வெள்ளி

ஷெரிஃப் ஆபீசில் வேலை முடிந்தது, மரத்தை என்ன செய்ய என்று கேட்டார்கள். அங்கேயே இருக்கட்டும் என்றோம். படகில் போய் அதை மறுபடி மேலே இழுத்தோம். ராய்ஸ் மிச்சக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான், நான் அவன் கத்தியை வாங்கிக் கட்டோடு ஒட்ட அறுத்தேன். தள்ளுவதற்கு முன்னால் இரண்டு பேரும் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டோம். பிறகு மரம் போனது. அந்த இடத்தில் நாங்கள் மீன் பிடிக்கப் போவதில்லை. பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனால் தெரியும்.

வருகிற வழியில் ஓடைக்குள்ளே சின்ன வெள்ளி மீன்கள் தெறித்தன, பாஸ் துரத்திக்கொண்டிருந்தது. ராய்ஸுக்குக் கை அரித்தது. வீசினான். நாலு பவுண்டு ஒன்று வந்தது. கண்ணுக்கு அழகுதான். தாடையில் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டு, தண்ணீரில் விடப் போனான்.

"ஏய், அது என் ராத்திரிச் சாப்பாடு."

"அண்ணி! இது முட்டை போட்டுப் பெருகற மீனு!"

"கோழியுந்தான் முட்ட போடுது. நீ திங்கறதில்லையா?"

விட்டுவிட்டான். சண்டை போட்டுக்கொண்டே கரைக்கு வந்தோம்.

படகைக் கேட்ட ஆளிடம், விற்கவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

பத்தொன்பது கிராப்பி! நான் ஒருத்தியே.

நவம்பர் 3, சனி

அவருடைய குறிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறேன். சிலது தண்ணீர் இறங்கி வெளியே வந்துவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கினதில், நாங்கள் பரணில் போட்டிருந்த பழைய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. காணவில்லை என்று இரண்டு வருஷம் தேடினேன் அதை. என்ன மனுஷன். கேட்டபோது எலி தின்றிருக்கும் என்று சொன்னார்.

நவம்பர் 8, வியாழன்

தனியாகப் போனேன். இரண்டாவது தடவை தனியாக. ஐந்து மீன் வாளியில். ஆறாவது கடித்த நேரத்தில் வெளியூர்ப் படகு ஒன்று என்னைப் பார்த்து நேராக வந்தது. என்னை அறியாமலே கம்பைக் கீழே வைத்துவிட்டேன். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

"ஏதாவது கடிக்குதாம்மா?" என்றான் அந்த ஆள்.

"ஒண்ணுமில்லப்பா. காலைலருந்து உக்காந்திருக்கேன். இந்தப் பக்கம் சுத்தமா இல்ல."

கம்பு முனை தண்ணீருக்குள் வளைந்துகொண்டிருந்தது. கம்பை முழங்காலால் மறைத்தேன். அவன் பாவப்பட்டு, தெற்கே போய்ப் பாருங்க என்று யோசனைகூடச் சொல்லிவிட்டுப் போனான். ஆறாவது நல்ல பெரியது.

கர்த்தர் மன்னிக்கட்டும். ரொம்ப நாளைக்கப்புறம் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 20, செவ்வாய்

புதுச் சான்றிதழ் வந்தது. கட்டத்தில் 'விபத்து'. ஒரே சொல். லவெர்னுக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். "திரும்பப் படிடி" என்றாள். படித்தேன்.

பழையதை அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 22, வியாழன்

நன்றி சொல்லும் நாள். டாம்ரா வந்தாள். வான்கோழி வேண்டாம் என்று அவளே சொன்னாள், மக்காச்சோள மாவில் புரட்டி மீன் பொரித்தோம். ராய்ஸ் வந்தான், லவெர்ன் வந்தாள், பெரிய கிண்ணம் நிறைய முட்டைக்கோஸ் சாலட் கொண்டுவந்தாள். ராய்ஸ் பதினோரு துண்டு தின்றான். "தட்டுல வைக்கற மீனு எப்படிடா இருக்கு?" என்று லவெர்ன் கேட்டாள். வாய் நிறைய இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

ஜெபம் டாம்ராதான் சொன்னாள். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. போன மாதம் வரை அந்தப் பெயர் வந்தால் இரண்டு பேரும் பேச்சை மாற்றுவோம்.

சமையலறையில் தட்டுக் கழுவும்போது ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். ஏரி வரை தெரிகிறது.

நவம்பர் 28, புதன்

முதல் கடுங்குளிர். காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுத் தரைக்கு அடியில் இருக்கிற இடுக்கில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். சமையலறைக்குக் கீழே குழாய் வெறுமனே கிடக்கிறது, உறைந்துபோய். சுற்றுவதற்கான பஞ்சுப் பட்டை கொட்டகையில் பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஏப்ரல் மாதம் வாங்கினது. "குளிர் வர்றதுக்கு முன்னாடி சுத்திடறேன், இன்னும் நாள் இருக்குல்ல" என்றார். அதைச் சுற்றாமல் போயிருக்கிறார். முடித்துவிட்டுப் போகவே இல்லை எதையும். கதவுக் கீல் முடிக்கவில்லை, கூரை ஓட்டை முடிக்கவில்லை. சிலந்தி வலை என் தலையெல்லாம்.

முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன், குழாய் இளகுகிற வரை. அவ்வளவு நேரமும் வாய் விட்டுத் திட்டினேன். சோம்பேறி என்றேன், கஞ்சன் என்றேன், ஒரு அடிக் கயிறு வெட்ட மனசு வராத மனுஷன் என்றேன், இந்தப் பட்டையைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டேன். மேலே வந்து காப்பி போட்டுக்கொண்டும் திட்டினேன்.

நாள் முழுக்க அவர் மேல் கோபமாக இருந்தேன். நன்றாக இருந்தது.